நின்றுவிட்டதாக நான் சொன்ன படலம்

நானும் என் நாத்தனாரும் ஒருநாள் கூடச் சண்டை போட்டதில்லை. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து உறவுக்காரர்கள் இதைச் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோவார்கள். அண்ணியும் நாத்தனாரும் ஒரே மேஜையில் உட்கார்ந்து ஒரே புத்தகத்தைப் படிக்கிறார்களாம், எங்கே கிடைக்கும் இப்படி என்பார்கள். அவர்கள் சொன்னதில் பொய் இல்லை. ஆனால் அடுப்பங்கரையில் முட்டிக்கொள்ளும் அண்ணிமார் வருடக்கணக்கில் முயன்றாலும் செய்ய முடியாத காரியத்தை நான் இரண்டு பக்கத் தாளில் செய்து முடித்தேன். அதில் கையெழுத்துக்கூடப் போடவில்லை.

இருவருக்கும் தொழில் கணிதம். நான் பல்கலைக்கழகத்தில் ஆசிரியை. அவள் அங்கேயே வேறொரு பேராசிரியரிடம் முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்துகொண்டிருந்தாள். வீட்டில் அவளுக்கு ‘நிதானம்’ என்று பெயர். அவளுடைய அண்ணன், அதாவது என் கணவர், சிறு வயதில் வைத்தது. செருப்பு மாட்டக் கால் மணி நேரம் எடுத்துக்கொள்வாள். “நிதானம் கிளம்பியாச்சா, இல்ல நாங்க போயிட்டுத் திரும்பியே வந்துடட்டுமா?” என்று இவர் வாசலில் நின்று கேட்பார். அவள் யோசித்து ஒரு பதில் சொல்வதற்குள் நாங்கள் சிரித்து முடித்திருப்போம்.

எங்கள் சமன்பாட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். பயப்பட வேண்டாம், குறியீடு எதுவும் எழுதப் போவதில்லை. நீளமான மெல்லிய கம்பி ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். அதன் ஒவ்வொரு புள்ளிக்கும் இரண்டே விருப்பம்: ஒன்று என்ற மதிப்பு, அல்லது எதிர்மறை ஒன்று. இடக்கோடியும் வலக்கோடியும் எதிர்மறைப் பக்கம் சாய்ந்துவிட்டன, நடுப்பகுதி மட்டும் ஒன்று என்று பிடிவாதம் பிடிக்கிறது. அப்படியானால் இரண்டு இடங்களில் மதிப்பு சட்டென்று ஏறி இறங்க வேண்டும் அல்லவா? அந்த மிக மெல்லிய இடங்களைத்தான் நாங்கள் படலம் என்போம். சமன்பாட்டில் ஒரு மிகச் சிறிய எண் இருக்கிறது. அது சிறுக்கச் சிறுக்கப் படலமும் மெலிந்துகொண்டே போகும்.

கேள்வி இதுதான்: அந்தப் படலங்கள் இருந்த இடத்திலேயே இருக்குமா, நகருமா? எளிய சமன்பாட்டில் இதற்கு விடை பழைய செய்தி. இரண்டும் ஒன்றையொன்று நோக்கி நகரும். ஆனால் வாழ்நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தாலும் அசைவு தெரியாத வேகத்தில் நகரும். பிறகு ஒரு கட்டத்தில் நெருங்கி, திடீரென்று பாய்ந்து, இரண்டுமே மறைந்துபோகும். எங்கள் சமன்பாட்டில் கூடுதலாக ஓர் உறுப்பு உண்டு. அந்த உறுப்பு படலங்களைப் பிடித்து நிறுத்திவிடுகிறது, அவை நகர்வதே இல்லை என்று சொன்னது யார் தெரியுமா? நான்தான். என் முனைவர் பட்டமே அதற்காகக் கிடைத்தது.

பாதி நிரூபணம், பாதி கணினி. கணினி நிரலில் ஒரு விதி எழுதியிருந்தேன்: ஓர் அடிக்கும் அடுத்த அடிக்கும் இடையே உள்ள மாற்றம் பத்துக் கோடியில் ஒரு பங்குக்குக் கீழே போய்விட்டால், எல்லாம் நின்றுவிட்டது என்று எடுத்துக்கொண்டு ஓட்டத்தை முடி. எங்கள் தொழிலில் எல்லோரும் எழுதுகிற விதிதான். அசைவே அதைவிட மெதுவாக இருந்தால் என்ன ஆகும் என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை. கணினி ஓட்டத்தை நிறுத்தியது, நான் படலம் நின்றுவிட்டது என்று எழுதினேன். பிறகு நாலு பேர் என்னை மேற்கோள் காட்டினார்கள், அந்த நாலு பேரை நாற்பது பேர் காட்டினார்கள். எனக்கும் தலை கொஞ்சம் கனத்துத்தான் போயிற்று.

ஒருநாள் காலை ஆய்விதழ் ஒன்றிலிருந்து ஒரு கட்டுரை மதிப்பீட்டுக்கு வந்தது. எழுதியவர் பெயரை நீக்கித்தான் அனுப்புவார்கள், மதிப்பிடுபவர் யார் என்பதும் எழுதியவருக்குத் தெரியாது. ஆசிரியர் அறையில் தேநீரை வைத்துக்கொண்டு படிக்க ஆரம்பித்தேன். இரண்டாம் பக்கத்திலேயே தெரிந்துவிட்டது. படலம் இருக்கும் இடத்தில் மட்டும் கணினி கணக்குப் போடும் புள்ளிகளை நெருக்கிப் போட்டு, படலம் நகர்ந்தால் புள்ளிகளும் கூடவே நகரும்படி ஒரு வலை. இதை என் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து, குடிக்கிற தண்ணீரைத் தொட்டுப் பலகையில் புள்ளி வைத்து விளக்கியவள் என் நாத்தனார்.

‘எழுதியவர் என் உறவினர், என்னால் மதிப்பிட இயலாது’ என்று ஒரு வரி எழுதித் திருப்பி அனுப்பியிருக்க வேண்டும். அதுதான் முறை. நான் அனுப்பவில்லை. உறவு என்பதற்காகச் சலுகை காட்டாமல் நடுநிலையோடு பார்ப்பேன் என்று எனக்கு நானே மாலை போட்டுக்கொண்டேன். உண்மை வேறு. கட்டுரையின் கடைசிப் பத்தியில், முன்பு வெளியான முடிவு தவறு, படலங்கள் இந்தச் சமன்பாட்டிலும் நகர்கின்றன என்று இருந்தது. அடிக்குறிப்பில் என் பெயர். காதெல்லாம் சூடாகிவிட்டது.

இரண்டு பக்கம் எழுதினேன். நகர்வது படலம் அல்ல, கட்டுரையாளரின் வலை. தன் கருவியின் ஆட்டத்தைத் தன் கண்டுபிடிப்பு என்று நினைத்துக்கொள்கிறார். வெளியிடத் தகுதியற்றது. இப்படி எழுதுவதற்கு முன் என் பழைய நிரலைப் பத்து மடங்கு புள்ளிகளோடு ஒருமுறை ஓட்டிப் பார்த்திருக்கலாம், பெரிய வேலையில்லை. ஓட்டவில்லை. தேவையில்லை என்று நினைத்தேன் என்று சொன்னால் அதுவும் பொய். ஓட்டப் பயமாக இருந்தது.

மூன்று வாரம் கழித்து, மழை விட்ட ஒரு மாலை, அவள் எங்கள் வீட்டுக்கு வந்தாள். கையில் அந்த இரண்டு பக்கம், அச்செடுத்து நாலாக மடித்தது.

“அண்ணி, இதைக் கொஞ்சம் படிச்சுப் பாருங்க. இவங்க சொல்றது சரியான்னு எனக்குப் புரியல. நான் எங்க தப்பு பண்ணேன்னு தெரியல.”

வாங்கினேன். முதல் வரியிலிருந்து படித்தேன். இரண்டாம் பக்கத்தைத் திருப்பினேன். ஏதோ சந்தேகம் வந்தவள் மாதிரி மறுபடி முதல் பக்கத்துக்கு வந்தேன். ஓரிடத்தில் புருவத்தைக்கூட நெரித்தேன். நானே தட்டச்சு செய்த வரிகள். அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“கொஞ்சம் கடுமையா எழுதியிருக்காங்க,” என்றேன் வாய் கூசாமல். “ஆனா விஷயம் சரின்னுதான் தோணுது.”

“நீங்களே சொன்னா சரியாத்தான் இருக்கும்,” என்றாள்.

அவளுக்கு அழுகை வந்தது. கைக்குட்டை எடுத்துக் கொடுத்தேன். முதுகைத் தடவிவிட்டேன். அந்தக் கையை இன்றைக்கும் எனக்குப் பிடிக்கவில்லை.

ஆய்வேட்டின் முக்கியமான அத்தியாயம் போய்விட்டால் முதலிலிருந்து தொடங்க வேண்டும், இன்னும் மூன்று வருடம் ஆகும் என்று அவளுடைய பேராசிரியர் சொல்லிவிட்டார். என் கணவர் என்னைத்தான் கேட்டார்: “உனக்குத் தெரியும்ல, அவளால முடியுமா?” கட்டாயப்படுத்தாதீங்க என்றேன். அந்த ஒரு சொல்லுக்குள் எல்லாம் அடங்கிவிட்டது. நாலாவது மாதம் அவள் ஆய்வை விட்டாள். ஊருக்கு வெளியே, லாரிகளை எடைபோடும் மேடையில் வேலைக்குச் சேர்ந்தாள். எங்கள் குடும்பப் பேச்சில், படிப்பு வராமல் பாதியில் விட்டவள் ஆகிவிட்டாள். அப்படி யாராவது சொல்லும்போது நான்தான் அவளுக்காகப் பரிந்து பேசுவேன். அதற்கும் எனக்கு நல்ல பெயர் கிடைத்தது.

பதினொரு வருடம் போயிற்று. போன மாதம் எங்கள் துறைக்குப் புதிதாக ஒரு கணினி வந்தது. அதன் வேகத்தைப் பார்க்கக் கனமான வேலை ஏதாவது கொடுக்கச் சொன்னார்கள். பெருமையாக என் பழைய நிரலை எடுத்தேன். இயந்திரம் சும்மா நின்றுவிடக் கூடாதே என்று அந்த நிறுத்தும் விதியை நீக்கினேன். புள்ளிகளைப் பத்து மடங்காக்கினேன். வெள்ளிக்கிழமை மதியம் ஓடவிட்டு வீட்டுக்குப் போனேன்.

திங்கட்கிழமை வந்து பார்த்தால் திரையில் ஒரு நேர்கோடு. படலம் இரண்டையும் காணோம்.

யாரோ கோப்பைக் கெடுத்துவிட்டார்கள் என்று உதவியாளரைக் கடிந்துகொண்டேன். அவர் பாவம், விடுமுறையில் இருந்தவர். மறுபடி ஓடவிட்டு இந்த முறை இடையிடையே பார்த்தேன். முதல் நாள் அசைவில்லை. இரண்டாம் நாள், எண்களை எட்டு இலக்கம் வரை அச்செடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், கடைசி இலக்கம் மட்டும் மாறியிருந்தது. மூன்றாம் நாள் மதியம் இரண்டும் நெருங்கி, நான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்வதற்குள் மறைந்தன. அப்போதுதான் புரிந்தது. என் பழைய வலையில் புள்ளிகள் அவ்வளவு அகலமாக இருந்ததால், நகர முயன்ற படலம் இரண்டு புள்ளிகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டு நின்றிருக்கிறது. அவளுடைய வலை படலத்தை நகர்த்தவில்லை. என்னுடைய வலைதான் அதைப் பிடித்து வைத்திருந்தது.

மேஜையின் கீழ் இழுப்பறையில் அவள் கட்டுரை இருந்தது. ஏன் தூக்கிப் போடாமல் வைத்திருந்தேன் என்று கேட்காதீர்கள். ஐந்தாம் பக்கத்தில், படலங்கள் மறைய ஆகும் காலத்துக்கு ஒரு சூத்திரம். என் எண்களை அதில் போட்டேன். சமன்பாட்டின் கால அலகில் நாற்பத்தோராயிரத்து இருநூறு என்று வந்தது. புதுக் கணினி சொன்னது நாற்பத்தோராயிரத்து நூற்றெழுபது. உட்கார்ந்த இடத்திலேயே கூனிக் குறுகிப் போனேன்.

இதற்குப் பிறகு செய்ததையும் சொல்லிவிடுகிறேன், இவ்வளவு சொன்னபின் மறைத்து என்ன ஆகப்போகிறது. முதலில் தோன்றியது, இதை நானே ஒரு கட்டுரையாக எழுதிவிடலாம் என்பதுதான். தன் பழைய முடிவைத் தானே திருத்திக்கொண்ட நேர்மையான ஆய்வாளர் என்று தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடுவார்கள். தலைப்புகூடத் தட்டச்சு செய்துவிட்டேன். கீழே என் பெயரை அடிக்கும்போது, அன்றைக்கு இரண்டாம் பக்கத்தைத் திருப்பிய என் விரல் ஞாபகம் வந்தது. கோப்பை அழித்தேன். அதற்குப் பதிலாக, அந்த ஆய்விதழுக்கு ஒரு கடிதம் எழுதினேன்: மதிப்பிட்டவள் நான், எழுதியவள் என் உறவு என்று தெரிந்தே மதிப்பிட்டேன், என் முடிவுதான் தவறு, அவளுடைய கட்டுரை அவள் பெயரிலேயே, அனுப்பிய அந்தத் தேதியோடு வெளியாக வேண்டும். என் துறைத் தலைவருக்கும் ஒரு பிரதி. அனுப்புவதற்கு முன் அவள் பார்க்க வேண்டும். பையில் வைத்துக்கொண்டு, வகுப்பு முடிந்ததும் எடைமேடைக்குப் போனேன்.

அவள் அறை ஒரு மேஜைக்கும் இரண்டு நாற்காலிக்கும் மேல் தாங்காது. தெருப்பக்கம் ஒரு ஜன்னல், அதன் வெளியே தரையோடு தரையாக இரும்பு மேடை. லாரி ஏறியதும் மேஜை மேல் சிவப்பு எண்கள் ஓடும். ஓடி அடங்கியதும் பொத்தானை அழுத்திச் சீட்டு அடித்து ஜன்னல் வழியாகக் கொடுக்க வேண்டும்.

“வாங்க அண்ணி. என்ன இந்த நேரத்துல? அண்ணன் நல்லா இருக்கானா?”

“எல்லாரும் நல்லாத்தான் இருக்கோம். உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்.”

அப்போது பார்த்து ஒரு மணல் லாரி மேடையில் ஏறியது. எண்கள் ஓடி நின்றன. அவள் பொத்தானைத் தொடவில்லை.

“அக்கா, இன்னைக்குள்ள சீட்டு கிடைக்குமா?” என்று ஓட்டுநர் ஜன்னலில் தலையை நீட்டினார்.

“தார்ப்பாய் காத்துல ஆடுதுங்க. கொஞ்சம் இருங்க.”

“எண்ணு நின்னுடுச்சேக்கா.”

“நின்ன மாதிரி இருக்கு. இன்னும் கொஞ்சம் பார்ப்போம்.”

எனக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. நாள்காட்டியைப் பார்த்தேன். கடைசி எண் ஒரு படி இறங்கியது. அவள் சீட்டு அடித்துக் கொடுத்தாள். லாரி போனதும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன்.

“படலம் நகருது. நீ சொன்னதுதான் சரி. நான் ஓட்டிப் பார்த்துட்டேன்.”

அவள் என்னைப் பார்த்தாள். எதைப் பற்றிப் பேசுகிறேன் என்று கேட்கவில்லை.

“எவ்வளவு நேரத்துல போச்சு?”

எண்களைச் சொன்னேன். இடைவெளி, அந்தச் சிறிய எண், எல்லாம். அவள் ஒரு பழைய எடைச் சீட்டைத் திருப்பிப் போட்டு எழுதினாள். சூத்திரத்தை யோசிக்க வேண்டியிருக்கவில்லை. பதினொரு வருடம் ஆகியும் விரல் நுனியில் வைத்திருந்தாள்.

“நாப்பத்தோராயிரத்து இருநூறு வரணுமே.”

“நூத்தெழுபது வந்துச்சு.”

“அந்த முப்பது வித்தியாசம் கம்பியோட விளிம்புல போயிருக்கும்,” என்றாள். பிறகு சிரித்தாள். முகம் முழுக்கச் சிரித்தாள், கல்யாண வீட்டில்கூட அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. “அப்ப நான் முட்டாள் இல்ல அண்ணி.”

அங்கேயே எழுந்து ஓடியிருந்தால் அவளுக்கு அந்தச் சந்தோஷமாவது மிஞ்சியிருக்கும். அது எனக்கும் சௌகரியமாக இருந்திருக்கும். அதனால்தான் எழுந்திருக்கவில்லை.

“அந்த மதிப்பீட்டை எழுதினது நான்தான்,” என்றேன்.

சிரிப்பு உடனே போகவில்லை. கொஞ்சம் கொஞ்சமாகத்தான் போயிற்று. வெளியே ஒரு லாரி வந்து ஒலியெழுப்பியது. அவள் எழுந்து, எடை பார்த்து, வழக்கமான நேரம் எடுத்துக்கொண்டு, சீட்டுக் கொடுத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

“என்னுதுன்னு தெரியுமா?”

“ரெண்டாம் பக்கத்துலயே தெரிஞ்சுபோச்சு.”

“சரி. அதை விடுங்க. கணக்குல தப்பு யாருக்கும் வரும்.” மேஜையின் விளிம்பை விரலால் தேய்த்தாள். “அன்னைக்கு மழை விட்டப்புறம் உங்க வீட்டுக்குக் கொண்டுவந்தேனே. படிச்சீங்களே. அது?”

“நடிச்சேன்.”

“பக்கத்தைத் திருப்பிட்டு, மறுபடி முன்னாடி வந்து பார்த்தீங்க. நான்கூட நினைச்சேன், எனக்காக எவ்வளவு கவனமா படிக்கிறாங்கன்னு.”

“அதுவும் நடிப்புதான்.”

அவள் தலையசைத்தாள். மன்னிப்புக் கேட்டேன். எப்படிக் கேட்டேன் என்று ஞாபகமில்லை. அவள் மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. கடிதத்தை வாங்கி வரிவரியாகப் படித்தாள். இவள் உண்மையிலேயே படித்தாள்.

“அனுப்புங்க,” என்றாள். “அண்ணனுக்குத் தெரியுமா?”

“இன்னும் இல்ல.”

“அவன்கிட்ட நீங்கதான் சொல்லணும். என்னைப் படிப்பை விடச் சொன்னது அவன். உங்க பேச்சைக் கேட்டுத்தான் சொன்னான். அவனுக்கு இது தாங்காது, பார்த்துச் சொல்லுங்க.”

சரி என்றேன். போகச் சொல்லிவிட்டாள் என்று நினைத்துப் பையை எடுத்துக்கொண்டு எழுந்தேன். அவள் மேஜை இழுப்பறையைத் திறந்து, ரப்பர் போட்டுக் கட்டிய எடைச் சீட்டுக் கட்டு ஒன்றை வெளியே வைத்தாள். எல்லாச் சீட்டின் பின்புறமும் அவள் கையெழுத்து, பொடிப் பொடியாக, சமன்பாடுகள்.

“இருங்க. அந்த மதிப்பீட்டுல கடைசியா ஒரு கேள்வி இருந்துச்சு. மத்தது எல்லாம் திட்டு. அது மட்டும் நல்ல கேள்வி. இதைக் கேட்டவங்க பெரிய ஆளாத்தான் இருக்கணும்னு நினைச்சுக்குவேன். லாரி வராத நேரத்துல எல்லாம் அதுக்குத்தான் பதில் போட்டுக்கிட்டு இருக்கேன். யாருன்னு தெரிஞ்சா காட்டணும்னு இருந்தேன்.”

மேலே இருந்த சீட்டைக் குனிந்து பார்த்தேன். அவள் காத்திருந்தாள்.

“என்ன கேட்டிருந்தேன்?” என்றேன்.

இவ்வளவு நேரம் தாங்கிய முகம் அப்போதுதான் மாறியது. அவள் என்னை நம்பாதவள் போலப் பார்த்தாள். குறைகள் இரண்டோடு நிறுத்தினால் மதிப்பீடு மெலிதாகத் தெரியுமே என்று பக்கத்தை நிரப்ப ஏதோ எழுதியிருப்பேன். அது என்ன என்று எழுதிய மறுநாளே மறந்திருப்பேன். இதை அவளிடம் நான் சொல்லவில்லை, சொல்ல வேண்டியும் இருக்கவில்லை.

“உட்காருங்க,” என்றாள்.

உட்கார்ந்தேன். அவள் சீட்டுக் கட்டின் ரப்பரைக் கழற்றி ஓரமாக வைத்தாள். பிறகு என் கேள்வியை, எந்தத் தாளையும் பார்க்காமல், ஒரு சொல்கூட மாறாமல், எனக்கே ஒப்பித்தாள்.